துரை மீன் வாங்காத நாள்

என் பெயர் எழிலன். வயது இருபத்திரண்டு. வந்தவாசிப் பக்கம் சொந்த ஊர். இப்போது இருப்பது திருவொற்றியூரில், கடலோரக் குப்பத்தில், பவுனம்மாள் அக்கா வீட்டு மாடியில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, கீழே சிமெண்ட் தரை, வாடகை குறைவு. லேத் பட்டறையில் வேலை. என் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பதால், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ரஷீது டைப் அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகிறேன். என் தங்கை மகிழினி இதை அம்மாவுக்கும் தெருவில் உள்ளவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

போன தீபாவளிக்கு இந்த வீட்டில் நடந்தது இது.

பவுனம்மாள் அக்கா மீன் விற்கிறவர். காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடைகளோடு ஷேர் ஆட்டோவில் திரும்புவார். துறைமுகத்துக்குள் நுழைவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஆட்டோ மாட்டிக்கொண்டால் வீடு வருவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அப்படி ஆகும் நாட்களில் இறங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, லாரிகளின் இடுக்கில் புகுந்து நடந்தே வந்துவிடுவார். சேலையில் ஒரு பக்கம் மீன் செதில், ஒரு பக்கம் டீசல் கரி. அவர் வீட்டுக்காரர் ரகுபதி அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்; போனால் பல நாள் கழித்துத்தான் கரை. மகள் ஜெயஸ்ரீ ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் அடிக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கடல் அரிக்காமல் இருக்கப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் அலை அந்தக் கல்லில் வந்து மோதும்போது என் அறையில் தொங்கும் சட்டை ஆடும்.

குப்பத்தில் பெரும்பாலான வீடுகள் தீபாவளிச் சீட்டு கட்டி வந்தன. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால், தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசுப் பெட்டி, ஸ்வீட் பெட்டி, ஒரு புடவை, எவர்சில்வர் அண்டா எல்லாம் வரும். பணத்தைத் திரட்டியது பவுனம்மாள் அக்காதான். பத்துப் பேரைச் சேர்த்தால் சேர்த்தவருக்கு ஒரு சீட்டு அட்டை இலவசம்; பணம் கட்டாமலே எல்லாம் வரும். அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பவுனு சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் அத்தனை பெண்களும் சேர்ந்தார்கள்.

சீட்டுக்காரன் பெயர் துரை. தேரடி போகிற வழியில், தையல் கடைக்கு அடுத்து ஒரு சின்னக் கடை வைத்திருந்தான். நாற்பது வயது இருக்கும். குப்பத்து மணலில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். அவனை நான் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே ஒருமுறை காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பியவன்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அந்த ஒன்றரை மாதமும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. குப்பத்தில் துட்டு நடமாட்டமே நின்றுவிடும். வட்டிக்காரன் மட்டும் வழக்கம்போல வருவான். துரையும் வந்தான், ஆனால் அட்டையை எடுக்கவில்லை. கடலே லீவு விட்டிருக்கும்போது நான் எப்படிக் கேட்பேன், தடை முடிந்ததும் சேர்த்துக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கே அவன் குப்பத்து ஆள் ஆகிவிட்டான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு வந்தால், வேண்டியவர்களுக்குக் குழம்புக்கு மீன் கொடுப்பார்கள். அதற்குக் காசு கிடையாது, கேட்டால் அவமானம். யார் வீட்டு அடுப்பில் நம் மீன் கொதிக்கிறதோ அவர்கள் நம்மவர்கள். தடை முடிந்து படகு போகத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை வசூலைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் பவுனம்மாள் அக்கா ஒரு பையில் மீனும் எடுத்துப் போவார். சங்கராவோ, கானாங்கெளுத்தியோ, எது இருக்கிறதோ அது. துரை வாங்கிக்கொள்வான். மறுவாரம், தன் மனைவி அதை எப்படிச் செய்தாள், புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்றெல்லாம் சொல்வான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மீன் வாங்க ஆரம்பித்த பிறகு அது நின்றுபோனது. நிறுத்தியது அவன் இல்லை. இவர்கள்தான் அட்டைகளை எடுத்துப் போவதை விட்டுவிட்டார்கள். நம் மீனைத் தின்கிறவனிடம் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சம். ஜெயஸ்ரீ மட்டும் கேட்டாள். அக்கா அவளைத் திட்டினார்.

"ஏலத்துல ஒவ்வொரு மீனுக்கும் செவுளத் தூக்கிப் பாக்கற. அந்த ஆளுக்கு மட்டும் ஏம்மா பாக்க மாட்டேன்ற?" என்றாள் ஜெயஸ்ரீ.

"அவன் இன்னா மீனாடி? மனுசன். வாய மூடிகினு சோத்தத் துன்னு."

தீபாவளி நெருங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் துரை குப்பத்துக்கு வந்து, சீட்டுக் கம்பெனி முதலாளி புதிதாக ஒரு சலுகை அறிவித்திருப்பதாகச் சொன்னான். மிச்சம் இருக்கும் வாரங்களை மொத்தமாகக் கட்டி, மேலே கொஞ்சம் போட்டால், அண்டாவுக்குப் பதில் தங்கக் காசு. வருகிற ஞாயிறு மாலையோடு சரி. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாமதித்தாலும் கிடையாது.

குப்பம் பரபரத்துப் போனது. பெண்கள் மூக்குத்தியை அடகு வைத்தார்கள். எதிர் வீட்டுப் பட்டம்மாள் பெரியம்மா, கணவர் இல்லாதவர், கருவாடு காயவைத்து விற்றுச் சேர்த்ததை மஞ்சள் துணியோடு அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார். பேத்திக்குத் தோடு பண்ண வேண்டும் என்றார். ரகுபதி அண்ணன் கடலுக்குப் போகுமுன் படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் அதில் சேர்ந்தது.

பட்டறையில் டீ குடிக்கும்போது, வில்லிவாக்கம் பக்கம் ஒரு சீட்டுக் கம்பெனி இதே மாதிரி கடைசி வாரத்தில் அவசரப்படுத்தி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவன் ஓடறவனா இருந்தா தடைக்காலத்துல துட்டு வாணாம்னு சொல்லுவானா? நீயே சொல்லு நைனா."

நெத்திலியை ஆய்ந்து முடித்ததும் அவரே, ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, இவ்வளவு துட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வா என்றார்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. அலை கல்லைத் தாண்டி வந்து பின்பக்கம் கட்டியிருந்த கோழிக்கூண்டை நனைத்தது. அக்கா பணத்தைச் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகி, மேலே சேலையை இறுக்கிக்கொண்டார். மீன் பையும் எடுத்துக்கொண்டார். தீபாவளி ஆயிற்றே என்று நல்ல வஞ்சிரமாக ஒன்று, முழுசாக.

கடையில் துரை தனியாக இருந்தான். சிரித்த முகம். சுவரில் அம்மன் படத்துக்குப் புதுமாலை போட்டிருந்தது. மூலையில் பட்டாசுப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கி இருந்தன. எங்களுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து குடிக்கக் கலர் சோடா வரவழைத்தான். சிவப்புச் சின்னப் பெட்டியைத் திறந்து தங்கக் காசைக் காட்டினான். அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கை இடுப்புக்குப் போனது. தடுக்க வேண்டும் என்று தோன்றியது, எதைச் சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

பணத்துக்கு முன்னால் மீன் பையை எடுத்து மேசையில் வைத்தார் அக்கா.

"தம்பி, வஞ்சிரம். வூட்ல குடுத்து வறுக்கச் சொல்லு. தீபாவளிக்கு."

துரை பையைப் பார்த்தான். "வாணாங்க்கா. நீயே எட்த்துகினு போ."

"ஏம்பா?"

"ஊருக்குப் போய்க்கீறாங்க எல்லாரும்."

"ராத்திரிக்கு நீ துன்னு. ரெண்டு துண்டு போட்டு வறுத்துக்க."

"எதுலக்கா வறுக்கறது. அடுப்பே இல்ல வூட்ல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவ்வளவுதான். அவனுக்கு அது ஒரு பேச்சாகவே தெரிந்திருக்காது. எனக்கும் அப்போது ஒன்றும் புரியவில்லை. அக்காவின் கை மட்டும் இடுப்பிலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக வெளியே வந்தது, வெறுங்கையாக.

இரண்டு வீட்டுக்காரிகள் இன்னும் தரவில்லை, சாயங்காலம் மொத்தமாகக் கொண்டு வருகிறேன் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. துரை இருப்பதையாவது கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். ஒன்றாகவே தருகிறேன் என்று எழுந்துவிட்டார். மீன் பையையும் எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊருக்குப் போறவ துணி எட்த்துகினு போவா. அடுப்பையுமா எட்த்துகினு போவா?"

துரையின் வீடு காலடிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. அக்காவுக்கு வழி தெரியும். ஆடி மாதம் அவன் மகள் பிறந்தநாளுக்கு இறால் கொண்டு போயிருக்கிறார். மழை தூற ஆரம்பித்துவிட்டது. ஓடாத குறையாகப் போனோம். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தரையில் கட்டில் கால் இருந்த இடத்தில் நான்கு தடம். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி. வேறு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில், அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், அட்வான்சைக் கூட வாங்கிக்கொண்டாயிற்று, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள்.

நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. முதலில் அவரவர் துட்டை அவரவர் கையில் சேர்க்க வேண்டும், அது என் இடுப்பில் இருக்கிறவரைக்கும் எனக்கு மூச்சு வராது என்றார்.

குப்பத்துக்கு வந்ததும் வாசல் வாசலாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நானும் கூடவே போனேன். நன்றி சொல்வார்கள் என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். வீடு காலி பண்ணினால் என்ன, கடை திறந்துதானே இருக்கிறது, காசையும் காட்டினானே என்றார்கள். வருஷம் முழுக்கக் கட்டியது அவனிடம் இருக்கிறது, கடைசிப் பணத்தைக் கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றார்கள்.

பட்டம்மாள் பெரியம்மா மஞ்சள் துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"உனுக்கு எலவச அட்ட கீது. உன் அண்டா உனுக்கு வந்துரும். என் பேத்தி தோட்டக் கெடுக்க வந்துக்கீற."

"பெரீம்மா, அவன் வூட்ல அடுப்பு இல்ல. நா சொல்றதக் கேளு. போவாத."

"அடுப்பு இல்லன்னா ஓட்டல்ல துன்னுவான். ஆம்பள தானே."

குடை பிடித்துக்கொண்டு அவரும் இன்னும் நான்கு பெண்களும் நேராகத் துரையின் கடைக்குப் போனார்கள். அக்கா சந்து முனை வரைக்கும் பின்னாலேயே ஓடினார். பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்த அக்கா அந்த வஞ்சிரத்தை வெட்டவில்லை. பூனை இழுத்துப் போனது, அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடை ஷட்டர் இறங்கி இருந்தது. அதற்கு மறுநாளும். தையல்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் அவனிடம் சீட்டுக் கட்டியிருந்த ஆட்கள் வந்து ஷட்டரைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். பட்டாசுப் பெட்டிகளை இழுத்தபோது அவை காற்று மாதிரி சரிந்தன. உள்ளே பழைய செய்தித்தாள்.

அதன் பிறகு கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்தது. ஒரு வருஷத்துப் பணம் ஆயிற்றே. கத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. நீதானே சேர்த்துவிட்டாய், நீதானே மீன் கொடுத்து அவனைக் குளிரவைத்தாய் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவளுக்கு ஆடியில் ஏன் தெரியவில்லை என்று ஒருத்தி கேட்டாள். போய்க் கட்டிய ஐந்து பேருக்கும்தான் கோபம் அதிகம். பட்டம்மாள் பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினார்.

ரகுபதி அண்ணன் கரைக்கு வந்ததும் ஜெயஸ்ரீதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உப்புத் தண்ணீரைக் கூடக் கழுவவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்ட வருகிறவர்கள் முதலில் தன்னைத் திட்டிவிட்டு உள்ளே போகட்டும் என்று. இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தீபாவளி அன்று குப்பத்தில் பட்டாசு இல்லை. தூரத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெடித்தது கேட்டது. ஜெயஸ்ரீ தன் போனசில் கம்பி மத்தாப்பு வாங்கிவந்து சந்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பிள்ளைகள் ஓடி வந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மத்தாப்பை அவள் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் பிள்ளைகள் போய்விட்டன.

நகரத்தில் போலீஸ் அலுவலகம் ஒன்றில், ஏமாந்தவர்களிடம் புகார் வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. மீன் ஏற்றுகிற வண்டியில் எல்லோரும் போவது என்று முடிவானது. முந்தின நாள் மாலை, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோது பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். யாரோ ஒருத்தியின் மைத்துனன் வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறானாம். துரையைப் பிடிக்க முடியாது, பவுனம்மாளை ஏஜென்ட் என்று எழுதிக் கொடுத்தால் அவள் வீட்டை எழுதி வாங்கியாவது பணம் தேற்றலாம் என்று சொன்னானாம். பெரியம்மாவும் அங்கேதான் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி அக்காவிடம் சொன்னேன், வராதீர்கள், வந்தால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று. நான்தானே அத்தனை பேரையும் சேர்த்தேன், நான் போகாமல் வேறு யார் போவது என்றார். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நானும் வண்டியில் ஏறினேன். பலகையில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் போகாத மீன் கவிச்சி. பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம். அக்கா எதிர்ப் பக்கம், தனியாக.

அங்கே எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு அட்டை. எங்கள் முறை வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதிகாரி களைத்துப் போயிருந்தார், ஆனால் எரிந்து விழவில்லை. அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். நான்கைந்து மாதமாக ஒரு கையெழுத்தும் இல்லையே என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"உங்க ஏரியால பணத்தைக் கையில வாங்கினது யாரு? பேரச் சொல்லுங்க."

ஒவ்வொரு கண்ணாக அக்கா பக்கம் திரும்பியது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நாந்தான் சார்..."

"நீ சும்மா கீறியா?" பட்டம்மாள் பெரியம்மாவின் குரல். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வந்து நின்றார். "சார், இவ மீன் விக்கறவ. வாங்கினவன் துரை. கடைசி ஞாயித்துக்கெழம என் கையால அவன் கையில குடுத்தேன். எண்ணி வாங்கி மேசைல போட்டுகினான். நாலு பேரு கூட இருந்தாங்க. எய்திக்கோ."

அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். கூடப் போயிருந்த நான்கு பேரும் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் வேறு பெயர் சொல்லவில்லை. மைத்துனன் சொன்ன யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் கூட, துரை, அவன் தகப்பன் பெயர் தெரியாது என்றுதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் அக்கா பெரியம்மாவிடம் போனார். கையைத் தொட்டார் என்று நினைக்கிறேன். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

துரை இன்னும் கிடைக்கவில்லை. பணமும் வரவில்லை. பெரியம்மா அக்காவோடு இன்றுவரை பேசவில்லை. கருவாடு காயவைக்கும் பாயைக் கூட இந்த வாசல் பக்கம் விரிப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் கூடையை வைக்க அக்காவுக்கு இடம் விடுகிறார்கள், அவ்வளவுதான். ரகுபதி அண்ணன் வாங்கிய முன்பணம் வீட்டிலேயே இருந்ததால் அரிசி வந்தது.

அம்மா, நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பொங்கல் சீட்டுக்குப் பேனர் கட்டியிருக்கிறார்கள் என்றும், சேர்த்துவிடுகிறவர் நம் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர், தங்கமான மனிதர் என்றும் மகிழினி சொன்னாள். நான் அவரைத் தப்பாகச் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். இன்றைக்கே கடைசி என்று அவரோ வேறு யாரோ வாசலில் வந்து நின்றால், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கீழே எழுதியிருக்கும் டெலிபோன் பூத் நம்பருக்குக் கூப்பிடுங்கள். பவுனம்மாள் வீட்டு மாடிப் பையன் என்று சொன்னால் பூத்காரர் ஆள் அனுப்புவார். இதை யார் வாசித்தாலும் சரி, என்னோடு பேசாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று என் அம்மாவிடம் சொல்லுங்கள்.